புத்தகத்துக்காக சங்கிலிய அடகு வைக்காதீங்க அக்கா

தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. மகளுக்கு பேராதனை கெம்பஸ்ல கலைப்பீடம் கிடைச்சிருக்கு, புள்ளைக்கு பொருளியல்தான் ஆசை, ஆனா கொழும்புல இருக்கிற மாமா வெறும் ஆர்ட்ஸ் டிகிரிய வச்சு என்ன செய்றது, கூடவே சீமாவும் (CIMA, இங்கிலாந்து நிறுவனம் நடத்துற முகாமைக் கணக்கியல் படிப்பு) படிக்கட்டும்னு சொல்லி ரெண்டுக்கும் சேத்து பெரிய புத்தக லிஸ்ட் அனுப்பியிருக்காராம், எல்லாமே புது எடிஷன். தோட்டத்து சம்பளம், அதனால சங்கிலிய அடகு வைக்கவான்னு கேக்குறாங்க.

அக்கா, உங்க பயம் வெளங்குது. ஆனா வைக்க வேணாம். சீமாவ கேட்டது மாமா, புள்ள இல்ல. அதுக்கு பீஸ் ஸ்டேர்லிங் பவுண்ல, ரூபா விழுந்தா நம்ம செலவு எப்படி ஏறும்னு 2022ல பாத்தோமே. புள்ளைக்கு விருப்பம் வந்தா டிகிரிக்குப் பிறகு செய்யட்டும், இப்ப வேணாம்.

புத்தகத்துக்கு வருவோம். பொருளியல்ல கேள்வி (டிமாண்ட்), நிரம்பல் (சப்ளை), நெகிழ்ச்சி (இலாஸ்டிசிட்டி) எல்லாம் பழைய எடிஷன்லயும் அதேதான். அட்டைக்கு அடுத்த பக்கங்கள்ல எடிஷன் நம்பரும் வருசமும் இருக்கும், அத பாத்துட்டு ரெண்டு எடிஷனோட பொருளடக்கத்தையும் பக்கத்துல வச்சு பாருங்க, பெரும்பாலும் அத்தியாயம் முன்னபின்ன மாறியிருக்கும், பயிற்சிக் கணக்கோட நம்பர் மாறியிருக்கும், அவ்வளவுதான். கணக்க மட்டும் கூட்டாளிகிட்ட போட்டோ எடுத்துக்கலாம். பழைய புள்ளிவிவரம்தான் குறைன்னா, மத்திய வங்கி வருசா வருசம் போடுற பொருளாதார அறிக்கை தமிழ்லயே வெப்சைட்ல சும்மா கிடைக்குது, நம்ம நாட்டுக் கணக்கு அமெரிக்கப் புத்தகத்துல எப்படியும் இருக்காது.

கணக்கியல், வரிப் புத்தகங்கள் மட்டும் வேற. குத்தகைக் கணக்கு விதி 2019ல ஐஎஃப்ஆர்எஸ் 16ங்கிற சர்வதேச கணக்கியல் தரமா மாறிருச்சு, அதுக்கு முந்தின புத்தகத்த நம்பி எழுதினா புள்ள பிழையா எழுதிட்டு வரும். அங்க காச மிச்சம் புடிக்காதீங்க.

யாரும் சொல்லாத ஒன்னு சொல்றேன். அமெரிக்காவுல ரைஸ் யுனிவர்சிட்டி நடத்துற ஓப்பன்ஸ்டாக்ஸ் (OpenStax) வெப்சைட்ல பொருளியல் புத்தகம் முழுசா, மூணாவது எடிஷன், பிடிஎஃப்பா இலவசம். திருட்டுக் கொப்பி இல்ல, எழுதினவங்களே எல்லாரும் எடுத்துக்கன்னு குடுத்தது, பிரிண்ட் எடுக்கவும் அனுமதி இருக்கு. நுண்பொருளியல் தனியா, பேரினப் பொருளியல் தனியாவும் வச்சிருக்காங்க. இங்கிலீஷ் ரொம்ப கஷ்டமில்ல, ஒவ்வொரு அத்தியாயக் கடைசியிலும் முக்கிய சொற்களுக்கு விளக்கமும் கேள்விகளும் இருக்கு, தமிழ் மீடியத்துல ஏ.எல் எழுதின புள்ளைக்கு அந்த சொல் பட்டியல்தான் பெரிய உதவி, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்துல தமிழ எழுதிக்கச் சொல்லுங்க. முழுசா பிரிண்ட் போடாதீங்க, அந்தந்த கிழமை நடத்துற அத்தியாயத்த மட்டும் ரெண்டு பக்கமும் அடிச்சு பைண்ட் பண்ணினா போதும்.

அப்பவும் புத்தகமே வேணும்னா இந்தியப் பதிப்பு கேளுங்க, தாள் மெல்லிசா இருக்கும், விலை குறையும். கொழும்புக்குப் போறவங்க இருந்தா மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தை பழைய புத்தகக் கடைகள்ல தேடச் சொல்லுங்க.

மாமா அனுப்பின லிஸ்ட்ட அப்படியே மடிச்சு வைங்க. லெக்சர் தொடங்கி ரெண்டு மூணு கிழமை போகட்டும், எந்த எடிஷன் போதும்னு லெக்சரர்கிட்டயே புள்ள கேக்கட்டும், சீனியர் அக்காமார்கிட்ட பழசு இருக்கான்னும் விசாரிக்கட்டும், அதுக்குப் பிறகு ஒன்னு ரெண்டு வாங்கினா போதும்.