கேரவன் பயணத்துக்கு எந்த வழிகாட்டி?

கேள்வி: எங்கள் வேனைக் கேரவனாக மாற்றியிருக்கிறோம். திம்பம் வழியாக மைசூரு செல்லக் கைப்பேசி வரைபடம் போதுமா, தனி ஜிபிஎஸ் கருவி வேண்டுமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: கைப்பேசி வரைபடம் தங்கள் வண்டியைச் சாதாரணக் காராகவே எண்ணி விரைவான வழியைக் காட்டுமே தவிர, அதன் உயரத்தையும் எடையையும் அறியாது, உயரம் குறைந்த ரயில்வே கீழ்ப்பாலத்தின் முன்னே வண்டியைப் பின்னோக்கி எடுக்க நேரும்போதுதான் இக்குறையின் அளவு விளங்கும். ஆகவே, வண்டியின் அளவுகளைப் பதியக்கூடிய கருவியே நல்லது. ஆனால், அதில் இந்திய வரைபடம் உண்டா என்பதை வாங்குமுன் உறுதி செய்யுங்கள். வட அமெரிக்காவுக்கென விற்கப்படுபவை இங்கே பயன்படா. கூரையிலுள்ள ஏசி, சோலார் தகடு ஆகியவற்றையும் சேர்த்தே உயரத்தை அளந்து பதியுங்கள்.

செயற்கைக்கோள் சமிக்ஞைக்குக் கைப்பேசிக் கோபுரம் தேவையில்லை. வரைபடத்தைத் தரவிறக்கத்தான் இணையம் வேண்டும் என்பதால், அதைச் சத்தியமங்கலத்திலேயே முடித்துவிடுங்கள்.

எனினும், 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில் கருவியை மட்டும் நம்ப வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. புலிகள் காப்பகத்தின் ஊடே செல்லும் அச்சாலையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. தங்கள் வண்டிக்குரிய நேரத்தைப் பண்ணாரி சோதனைச் சாவடியில் முன்னதாகவே கேட்டறியுங்கள்.