எல்.ஈ.டி. பல்ப்: வாட் பார்த்து வாங்கினால் போதுமா?

வெள்ளவத்தையில் சாரிக் கடை: அண்ணா, கடைக்குள்ளே அரக்குச் சாரி மண்ணிறமாகத் தெரிகிறது. ஆட்கள் வாசலுக்குக் கொண்டுபோய்த்தான் பார்க்கிறார்கள். 18 வாட் போட்டால் சரிவருமா?

வராது. வாட் கூடினால் வெளிச்சம்தான் கூடும், நிறம் திருந்தாது. எல்.ஈ.டி. சில்லில், அதாவது பல்புக்குள் ஒளி தரும் சிறு துண்டில், பிறப்பது நீல ஒளி. மேலே பூசிய பொஸ்பர் என்ற ஒளிரும் பூச்சுத்தான் அதை வெள்ளையாக்குகிறது. மலிவான பல்பில் மஞ்சள் பொஸ்பர் தாராளமாக இருக்கும், சிவப்பு குறைவு. ஒளியில் இல்லாத சிவப்பைத் துணி எப்படித் திருப்பிக் காட்டும்?

பெட்டியில் சி.ஆர்.ஐ. எண்ணைத் தேடுங்கள்; நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு 100க்குக் கொடுக்கும் புள்ளி அது. 80 என்றிருந்தால் மட்டும் நம்பிவிட வேண்டாம். அது எட்டு வெளிர் நிறங்களுக்கான புள்ளிகளின் சராசரி. அடர் சிவப்பு ஒன்பதாவது, கணக்கில் சேராது; அதன் புள்ளிதான் ஆர்9. அதனால் 80 எடுத்த பல்பிலும் ஆர்9 பூச்சியத்தை ஒட்டியே நிற்கலாம். உங்களுக்குச் சி.ஆர்.ஐ. 90, ஆர்9 50க்கு மேல், 4000 கெல்வின் வேண்டும்; வெள்ளை ஒளி மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா என்று சொல்வதுதான் கெல்வின், எண் கூடினால் நீலம். சில பெட்டிகளில் 865, 940 என்று மூன்று இலக்கம் இருக்கும்: 865 என்றால் சி.ஆர்.ஐ. 80களில், 6500 கெல்வின். 940 என்றால் 90களில், 4000 கெல்வின். முதலில் ஒன்று மட்டும் வாங்கி, அதே அரக்குச் சாரியை பல்பின் கீழும் வாசல் வெயிலிலும் பிடித்துப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை: 90 போட்டால் கரண்ட் பில் ஏறாதா?

சிவப்புப் பொஸ்பர் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும், உண்மைதான். 9 வாட்டுக்குப் பதில் 10 வாட் என்று வையுங்கள். நாளுக்கு 5 மணித்தியாலம் எரித்தால் மாதம் 0.15 யூனிட்தான் கூடும். பல்பின் விலைதான் கையைக் கடிக்கும். ஆகவே சமையலறை மேடை, கண்ணாடி, படிக்கும் மேசைக்கு 90. நடைபாதைக்கு 80 தாராளம்.

தெகிவளை: ஐரோப்பாவில் சட்டமே இருக்கிறதாமே? இங்கே நட்சத்திரம் பார்த்தால் போதாதா, அண்ணா?

2021 செப்டெம்பர் முதல் அங்கே பொதுப் பாவனைக்கான பல்புக்குச் சி.ஆர்.ஐ. 80 கட்டாயம். 90 எடுத்த பல்பு ஏறக்குறைய 6 வீதம் கூடுதல் மின் இழுக்கவும் அந்த விதி இடம் கொடுக்கிறது. நல்ல நிறத்துக்கு நியாயமான சலுகை. இங்கே நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் நட்சத்திரம் மின் சிக்கனத்துக்கானது. நிறத்துக்குப் பெட்டியைத்தான் வாசிக்க வேண்டும்.

பம்பலப்பிட்டி: குளியலறைக் கண்ணாடிக் கூட்டுக்குள் போடுகிற பல்ப் சீக்கிரமே போய்விடுகிறது.

சூடுதான். சில்லு பழுதாகும் முன்பே, அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவர் என்ற சுற்றில் உள்ள கெப்பாசிட்டர் போகும். 10 பாகை ஏற ஏற அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். மூடிய கூட்டுக்கு ஏற்றது என்று எழுதியதை வாங்குங்கள், அல்லது 5 வாட்டுக்கு இறங்குங்கள்.

மருதானை: ஓஃப் செய்த பிறகும் மங்கலாக எரிகிறது!

சுவிட்சில் குட்டிச் சிவப்பு விளக்கு இருந்தால் அதன் வழியே கசிகிறது. அது இல்லாத சுவிட்ச் போடுங்கள். இல்லாவிட்டால் சுவிட்சை மின் வரும் லைவ் கம்பிக்குப் பதில், அது திரும்பும் நியூட்ரல் கம்பியில் கொடுத்திருக்கலாம். அப்படியானால் ஓஃப் செய்தாலும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். எலக்ட்ரீசியன் வந்து மாற்றும்வரை, மெயின் சுவிட்சை இறக்காமல் அந்த பல்பைக் கழற்ற வேண்டாம்.