உப்புத் தண்ணீர், சோப்பு, இ.டி.டி.ஏ.

கேள்வி: ராதாபுரம் பக்கத்தில் தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் கலந்து சோப்பு செய்கிறேன், கற்றாழை ஜெல்லும் உண்டு. இரண்டு மாதத்தில் சோப்பில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் விழுகின்றன. உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் வேதிப்பொருளான இ.டி.டி.ஏ. சேர்க்கலாமா? போர் தண்ணீரில் குளிப்பவர்களின் தலைமுடிக்கும் அது உதவுமா?

பதில்: சேர்க்கலாம், ஆனால், அது காப்பது உங்கள் சோப்பைத்தானே தவிர, குளிப்பவரின் முடியை அன்று.

அந்தப் புள்ளிகள் எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை பிடிப்பதன் அடையாளம். தேங்காய் எண்ணெய் எளிதில் கெடாது; லினோலிக் அமிலம் என்ற, எளிதில் கெடும் கொழுப்பமிலம் மிகுந்த நல்லெண்ணெய்தான் முதலில் காற்றோடு வினைபுரிகிறது. போர் தண்ணீரில் இரும்போ செம்போ மிகச் சிறிதளவு இருந்தாலும் அந்த வினை விரைவடையும். இ.டி.டி.ஏ. போன்ற கொடுக்கிணைப்புச் சேர்மங்கள் நண்டு தன் கொடுக்கால் கவ்வுவதைப் போல உலோக அயனியைப் பல முனைகளில் பற்றிக்கொண்டு, அதை வினையில் ஈடுபடாமல் தடுத்துவிடுகின்றன. எனவே, முதலில் காய்ச்சி வடித்த நீருக்கு மாறுங்கள். அதன்பின், காஸ்டிக் சோடாவைக் கரைப்பதற்கு முன்பே, எண்ணெய் எடையில் 0.5 சதவீதத்துக்கு மிகாமல் டெட்ராசோடியம் இ.டி.டி.ஏ.வை (அதன் சோடியம் உப்பு வகை) அந்நீரில் கரைத்துவிடுங்கள். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும்.

ஜெல்லுக்கு டைசோடியம் இ.டி.டி.ஏ. 100 கிராமுக்கு 0.1 கிராம் போதும். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அது உருவிவிடுவதால், பதப்படுத்தியின் வேலை எளிதாகிறது. ஆனால், அது தானே பதப்படுத்தி ஆகாது. ‘இயற்கை’ என்று சொல்லிப் பதப்படுத்தி இல்லாமல் கற்றாழை ஜெல் விற்பதை நான் ஏற்பதில்லை.

இனி முடிக்கு வருவோம். முடியில் படிவு விழக் காரணம் நீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்துள்ள கால்சிய, மக்னீசிய உப்புகள். குடிநீரில் அதற்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்றும், வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை என்றும் வரம்பு வைத்திருக்கிறது. 300 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள 20 லிட்டர் வாளி நீரை மென்மையாக்க ஏறக்குறைய 22 கிராம் இ.டி.டி.ஏ. வேண்டும், ஒரு குளியலில் கரையும் சோப்பிலோ சில மில்லிகிராம்தான் இருக்கும். ஆகவே, முடியில் வெள்ளைப் படிவு தங்கினால், தலைக்கு மட்டுமாவது மழைநீரையோ ஆற்று நீரையோ பயன்படுத்தச் சொல்லுங்கள்.

இ.டி.டி.ஏ. தோலுக்குள் மிகக் குறைவாகவே ஊடுருவும். இந்த அளவுகளில் அச்சம் வேண்டாம். நீர்நிலையில் எளிதில் சிதையாது என்பதே அதன் மீதான நியாயமான குறை. அது உறுத்தினால், ஜெல்லில் அரிசித் தவிட்டிலிருந்து எடுக்கும் சோடியம் ஃபைட்டேட்டைப் பயன்படுத்தலாம், விலைதான் கூடும்.