மாலத்தீவில் எந்த ரிசார்ட்? வாசகர் கேள்வி – பதில்

மாலத்தீவில் பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரே ரிசார்ட்தான். சாப்பாடு பிடிக்கவில்லை என்று தெருமுனை ஓட்டலுக்குப் போக முடியாது, கடல் சரியில்லை என்று பக்கத்துக் கடற்கரைக்கு நடக்கவும் முடியாது. அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை மற்ற ஊர்களைவிட இங்கே அதிகம். இந்த மாதம் வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில்.

*

கேள்வி: கல்யாணமாகிப் பத்து வருஷம் நிறைவதால் நானும் மனைவியும் நான்கு இரவு தங்கப் போகிறோம். ஏஜென்ட் இரண்டு ரிசார்ட் காட்டியிருக்கிறார். முதலாவது ஓர் இரவுக்கு 700 டாலர் ‘ப்ளஸ் ப்ளஸ்’, சீபிளேனில் போக வேண்டும். இரண்டாவது எல்லா வரியும் சேர்த்து 850 டாலர், ஸ்பீட் போட். எங்கள் விமானம் மாலேயில் மாலை 4.30-க்கு இறங்குகிறது. மலிவானதையே எடுத்துவிடலாமா? – வாசகர், கோவை

பதில்: மலிவானதையே எடுங்கள். ஆனால் உங்கள் கணக்கில் மலிவானது இரண்டாவது ரிசார்ட். எப்படி என்று பாருங்கள்.

‘ப்ளஸ் ப்ளஸ்’ என்றால் சர்வீஸ் சார்ஜும் சுற்றுலா ஜி.எஸ்.டி.யும் தனி என்று பொருள். சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம். அதையும் சேர்த்து வரும் தொகைமேல் ஜி.எஸ்.டி. போடுவார்கள். அது 2025 ஜூலை முதல் 17 சதவீதம். ஆக 100 டாலர் 128.70 ஆகிறது. நான்கு இரவுக்கு 2,800 டாலர் என்று நீங்கள் நினைப்பது உண்மையில் சுமார் 3,604. இதன்மேல் பசுமை வரி, ரிசார்ட்டில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். 2025 ஜனவரியில்தான் 6 டாலரிலிருந்து இரட்டிப்பாக்கினார்கள். இருவருக்கு நான்கு இரவுக்கு 96 டாலர். சீபிளேனுக்கு ஆளுக்குப் போக வர 550 டாலர் என்று வையுங்கள், 1,100. மொத்தம் 4,800 டாலர்.

இரண்டாவதற்கு 3,400 டாலர். ஸ்பீட் போட்டுக்கு ஆளுக்கு 220 என்றாலும் 3,840-இல் முடிகிறது. வித்தியாசம் 960 டாலர். ‘எல்லா வரியும் சேர்த்து’ என்பதில் பசுமை வரியும் அடக்கமா என்பதை மட்டும் கேட்டு உறுதி செய்யுங்கள். பல இடங்களில் அதைக் கடைசி நாள் பில்லில்தான் சேர்ப்பார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் 4.30 மணி. சீபிளேன் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். விமானி கடல்பரப்பைக் கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். மாலேயில் பிற்பகல் 3.30-க்குப் பிறகு இறங்குகிறவர்களுக்கு அன்றைக்குச் சீபிளேன் பெரும்பாலும் கிடைக்காது. விமான நிலையத்தை ஒட்டிய ஹுல்ஹுமாலேயில் ஓர் இரவு தங்கி, காலையில்தான் ரிசார்ட்டுக்குப் போவீர்கள். அந்த ஓட்டல் செலவு தனி. ரிசார்ட் புக்கிங்கும் முதல் நாளிலிருந்தே என்றால், தங்காத இரவுக்கும் 900 டாலர் கொடுத்ததாகிவிடும். திரும்பும்போதும் இதே கதைதான். காலை 9 மணிக்கு முன் விமானம் என்றால் முந்தின நாளே மாலேக்கு வர வேண்டியிருக்கும்.

‘30 நிமிடப் பயணம்’ என்று ஏஜென்ட் சொல்வது வானத்தில் இருக்கும் நேரம் மட்டுமே. ட்வின் ஆட்டர் என்ற அந்தச் சிறு விமானத்தில் ஏறக்குறைய 15 பேர் ஏறுவார்கள். வழியில் வேறு ரிசார்ட்டில் இறங்கி ஏறுவதும் உண்டு. புறப்படும் நேரத்தைப் பெரும்பாலும் முந்தின நாள் மாலைதான் சொல்வார்கள், லவுஞ்சில் இரண்டு மூன்று மணி நேரம் காத்திருப்பது சாதாரணம். பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ, அதற்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள்.

இத்தனைக்கும் சீபிளேன் வேண்டாம் என்பதல்ல எங்கள் கருத்து. மேலிருந்து பவளத் திட்டுகளைப் பார்ப்பது கொடுத்த பணத்துக்குத் தகும். ஏழு இரவு தங்குகிறவர்களுக்கு, காலை விமானம் கிடைப்பவர்களுக்கு அது சரி. நான்கு இரவுக்கு, அதுவும் மாலை விமானத்துக்கு, மாலேக்கு அருகிலுள்ள ஸ்பீட் போட் தீவுதான் பொருத்தம். பாரோஸ், தாஜ் எக்ஸாட்டிகா போன்றவை அரை மணிக்குள் போய்ச் சேரக்கூடியவை, இருட்டிய பிறகும் படகு உண்டு.

இன்னொன்று. மாலே நேரம் நம் நேரத்துக்கு அரை மணி பின்னால். பல ரிசார்ட்டுகளோ தங்கள் தீவுக்கென்று மாலேயைவிட ஒரு மணி முன்னதாகக் கடிகாரத்தை வைத்திருக்கின்றன. திரும்பும் நாளில் படகு நேரம் எந்தக் கடிகாரப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: ஜூன் மாதம் 40 சதவீதத் தள்ளுபடி என்கிறார்கள். மழைக்காலத்தில் போவது வீண் செலவா? சன்செட் வில்லாவுக்குக் கூடுதல் பணம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா? – வாசகி, சென்னை

பதில்: வீண் இல்லை. எதற்காகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். கடல் தட்டையாக இருக்கும், விலை உச்சத்தில் இருக்கும். மே முதல் தென்மேற்குப் பருவக்காற்று. நாள் முழுவதும் கொட்டும் என்றில்லை. ஒரு மணி நேரம் அடித்துவிட்டு வெயில் வருவதும் உண்டு, இரண்டு மூன்று நாள் விடாமல் மூடிக்கொள்வதும் உண்டு. மூன்று நாள் பயணத்தை ஜூனில் வைக்காதீர்கள். ஆறு ஏழு நாள் என்றால் தாராளமாகப் போகலாம்.

மாண்டா திருக்கைகளைப் பார்க்க ஆசையென்றால் மழைக்காலம்தான் சரியான காலம். பா அட்டோலில் (அட்டோல் என்றால் வளையமாக அமைந்த பவளத் தீவுக்கூட்டம்) ஹனிஃபாரு என்ற சிறு விரிகுடா இருக்கிறது. ஏறக்குறைய ஜூன் முதல் நவம்பர் வரை, பருவக்காற்றின் நீரோட்டம் கொண்டுவரும் நுண்ணுயிர்கள் அந்த முட்டுச்சந்து போன்ற இடத்தில் சேர்ந்து தேங்கும். அவற்றைத் தின்னத் திருக்கைகள் கூட்டமாக வரும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் வாய்ப்பு அதிகம். பா அட்டோல் 2011 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். ஹனிஃபாருவில் காற்று உருளையோடு மூழ்கும் ஸ்கூபாவுக்கு அனுமதி இல்லை, குழாயில் மூச்சுவிட்டபடி மேலாக நீந்தும் ஸ்நார்கெல் மட்டுமே. ஃபோர் சீஸன்ஸ் லாண்டா கிராவாரு, சொனேவா ஃபுஷி, அனந்தரா கிஹாவா எல்லாம் இந்த அட்டோலில்தான் இருக்கின்றன. திமிங்கலச் சுறா பார்க்க வேண்டுமானால் தெற்கு அரி அட்டோல். அங்கே எந்த மாதமும் வாய்ப்புண்டு.

சன்செட் வில்லா, அதாவது மேற்குப் பார்த்த வில்லா விஷயத்தில் ஜூனுக்கு எங்கள் பதில் ‘வேண்டாம்’. நம் மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் மேல்காற்றுதான் அப்போது வீசுகிறது, அது நேராக மோதுவது தீவின் மேற்குப் பக்கத்தில். வெளிப்பாறை நல்ல அரணாக இல்லாத தீவுகளில் அந்தப் பக்கத்தில் கடல்மேல் தூண்களில் நிற்கும் வாட்டர் வில்லாவில் இரவு முழுக்க அலை தூண்களில் அறைந்துகொண்டே இருக்கும், படியில் இறங்கிக் குளிக்கவும் விடமாட்டார்கள். அதே தீவின் கிழக்குப் பக்கம் குளம்போல இருக்கும். அதற்கு விலையும் குறைவு. வறண்ட காலத்திலும் மேற்குப் பக்கத் தளம் பிற்பகல் இரண்டு மணி முதல் ஆறு வரை வெயிலில் கொதிக்கும். சூரியன் மறைவதைப் பார்க்க ஒரு பத்து நிமிடம் பொதுக் கடற்கரைக்கு நடந்தால் போதும்.

டிசம்பர் 24, 31 இரவுகளைச் சேர்த்து புக் செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த இரு இரவும் கட்டாய விருந்துக் கட்டணம் பல இடங்களில் உண்டு, ஆளுக்குச் சில நூறு டாலர். விலைப்பட்டியலில் சிறு எழுத்தில் இருக்கும்.

*

கேள்வி: ஐந்து, ஒன்பது வயதில் இரண்டு குழந்தைகள். முழங்கால் வலியுள்ள மாமியாரும் வருகிறார். அவர் சுத்த சைவம். வாட்டர் வில்லா எடுக்கலாமா? – வாசகி, மதுரை

பதில்: பீச் வில்லா எடுங்கள். வாட்டர் வில்லாவின் தளத்துக்குப் பல இடங்களில் கைப்பிடிச் சுவரே கிடையாது. தூங்கி எழுந்த ஐந்து வயதுக் குழந்தை கண்ணாடிக் கதவைத் தள்ளினால் எதிரே கடல்தான். இதனால்தான் 12 வயதுக்குட்பட்டவர்களைப் பல ரிசார்ட்டுகள் அங்கே சேர்ப்பதில்லை, அல்லது ‘பொறுப்பு எங்களுடையதல்ல’ என்று கையெழுத்து வாங்குகின்றன. வில்லாவில் தனி நீச்சல்குளம் இருந்தால் அதற்கு வேலி உண்டா என்றும் கேளுங்கள். ஆசைக்கு வேண்டுமானால், நீங்களும் கணவரும் மட்டும் வேறொரு பயணத்தில் வாட்டர் வில்லாவில் தங்கிக்கொள்ளலாம்.

மாமியாருக்குச் சீபிளேன் வேண்டாம். மிதக்கும் மேடையிலிருந்து குறுகிய ஏணியில் ஏற வேண்டும், உள்ளே நிமிர்ந்து நிற்க இடமில்லை. ஸ்பீட் போட்டிலும் பின்னிருக்கையைக் கேட்டு வாங்குங்கள், முன்பகுதிதான் அதிகம் தூக்கிப் போடும். வரவேற்பறைக்கும் வில்லாவுக்கும் இடையே பக்கி வண்டி உண்டா, குளியலறை திறந்தவெளியில் படியிறங்கிப் போவதா என்பதையும் கேளுங்கள். தீவில் மருத்துவர் நிரந்தரமாக இருக்கிறாரா என்பதும் முக்கியம். உங்கள் குடும்பத்துக்கு 1972-இல் தொடங்கிய, நாட்டின் முதல் ரிசார்ட்டான குரும்பா பொருந்தும். விமான நிலையத்திலிருந்து படகில் சுமார் பத்து நிமிடம், இந்திய உணவகமும் உண்டு.

சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது மாசி, அதாவது உலர்த்திய சூரை மீன். காலை பஃபேயில் தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு எலுமிச்சை பிழிந்த ஒரு கலவை இருக்கும், பக்கத்தில் மெல்லிய ரொட்டி. பார்க்க நம்மூர்ப் பொடிமாஸ் மாதிரியே இருக்கும். அது மாஸ் ஹுனி, அதில் சூரை மீன் உதிர்த்துப் போட்டிருக்கும். உள்ளூர்க் குழம்பு, சம்பல்களிலும் மாசி சேரும். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் எழுதினால் போதாது. மீன், மாசி, முட்டை எதுவும் கூடாது என்று பிரித்து எழுதி, இந்தியச் சமையல்காரர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் தயிர்சாதமும் ரசமும் முன்கூட்டிச் சொன்னால் செய்து தருவார்கள்.

மீல் பிளானில் ஹாஃப் போர்டு என்றால் காலையும் இரவும் மட்டும். குடிநீர் பாட்டிலுக்குக்கூடத் தனிக் காசு வாங்கும் இடங்கள் உண்டு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மூன்று வேளையும் சேர்ந்த ஃபுல் போர்டு லாபம். மது அருந்தாத குடும்பம், சாப்பாட்டோடு பானங்களும் அடங்கிய ஆல் இன்க்ளூசிவ் எடுப்பது பெரும்பாலும் நஷ்டம், அதன் விலையில் மதுவுக்கான சுமையும் சேர்ந்திருக்கும்.

*

கேள்வி: படகில் போகாமல் கரையிலிருந்தே நீந்திப் பவளப்பாறை பார்க்க வேண்டும். படத்தில் எல்லாத் தீவும் ஒரே மாதிரி இருக்கின்றன. எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகர், கொழும்பு

பதில்: விளம்பரப் படத்தை விட்டுவிட்டுக் கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் படத்தைத் திறங்கள். தீவைச் சுற்றி வெளிர்ப் பச்சையாகத் தெரிவது மணல் தரை, ஆழம் இடுப்பளவோ கழுத்தளவோதான். அழகான நிறம், ஆனால் மீன் குறைவு. அந்த வெளிர் நிறம் சட்டென்று கருநீலமாக மாறும் கோடுதான் பாறையின் விளிம்பு, பவளமும் மீனும் அங்கேதான். கரையிலிருந்து அந்தக் கோடு 50 மீட்டருக்குள் என்றால் உங்களுக்கான தீவு. 300, 400 மீட்டர் என்றால் தினமும் படகுக்குக் காசு கொடுப்பீர்கள். அளக்கும் கருவி மேப்பிலேயே இருக்கிறது.

அடுத்து ரிசார்ட்டுக்கு எழுதி மூன்று கேள்வி கேளுங்கள். பாறை விளிம்புக்குப் போக வெட்டிவிட்ட வழி அல்லது படித்துறை உண்டா? நீர் வற்றும் நேரத்தில் அந்த வழியில் எவ்வளவு ஆழம்? பாறையின் எந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறது? மூன்றாவது கேள்வி அவசியம். 1998-லும் 2016-லும் கடல்நீர் சூடாகி மாலத்தீவுப் பவளங்கள் பெருமளவு வெளுத்து மடிந்தன. சில தீவுகளில் நன்றாகத் தேறியிருக்கின்றன, சிலவற்றில் இன்னும் சாம்பல் நிறக் குவியல்தான். நேர்மையான டைவ் சென்டர் என்றால் இதற்கு நேரடியாகப் பதில் சொல்லும். ‘எங்கள் பாறை மிக அழகானது’ என்று மட்டும் வந்தால் வேறு தீவைப் பாருங்கள். மணல் கொட்டி உருவாக்கிய புதிய தீவுகளில் கரையோரப் பவளத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

பாறை விளிம்பில் நீரோட்டம் இழுக்கும். ஓட்டத்துக்கு எதிராக முதலில் நீந்தி, திரும்பும்போது அதன் போக்கில் வாருங்கள். தனியாக இறங்க வேண்டாம்.

*

கேள்வி: பயணத்தில் சிறு பிள்ளையார் விக்கிரகம் எப்போதும் என்னோடு இருக்கும். கொண்டுபோகலாமா? முன்பணம் கட்டும்போது வேறென்ன பார்க்க வேண்டும்? – வாசகர், திருச்சி

பதில்: விக்கிரகம் வேண்டாம். வழிபாட்டுச் சிலைகள் மாலத்தீவுச் சுங்கத் தடைப்பட்டியலில் உள்ளன. மது, பன்றி இறைச்சி, வேப் கருவி (மின்சிகரெட்) ஆகியவையும் அப்படியே. டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலையும் விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

முன்பணத்தைப் பொறுத்தவரை, வில்லாவின் வகைப் பெயர், எந்தப் பக்கம், மீல் பிளான், போக்குவரத்து வகை, ரத்து செய்தால் எந்தத் தேதிவரை எவ்வளவு திரும்பும் – இவை ஐந்தும் ரிசார்ட்டின் உறுதிக் கடிதத்தில் இருக்க வேண்டும், ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் செய்தியில் அல்ல. அந்தக் கடிதத்திலுள்ள புக்கிங் எண்ணைக் கொண்டு ரிசார்ட்டின் ரிசர்வேஷன் பிரிவுக்கு நேரடியாக மெயில் அனுப்பி, புக்கிங் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே மீதிப் பணம் கட்டுங்கள். இந்திய ஏஜென்ட்டிடம் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பார்கள். உங்கள் பான் எண்ணில் அது பதிவானால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். விசா அங்கே இறங்கியதும் இலவசம். ஆனால் ‘இமுகா’ இணையப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும், திரும்பும்போது மறுபடியும் ஒருமுறை. அதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் இணையதளம் எதுவும் அரசுடையதல்ல.