ஸ்கங்க் முதல் ஓஜி குஷ் வரை: ரகங்களின் பூர்வீகம் பற்றிக் கேள்வி பதில்

கஞ்சா ரகங்களின் வம்சாவளியைப் பழைய விதைப் பட்டியல்கள், வளர்ப்பாளர்களின் வாக்குமூலங்கள், மரபணு ஆய்வுகள் வழியாகப் பல வருடங்களாகத் தொடர்ந்து வருகிறேன். பூர்வீகம், அசல்தன்மை பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். வளர்ப்பு முறை பற்றிய கேள்விகளை எடுக்கவில்லை. அதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு, என் துறையும் அது அல்ல.

கேள்வி: சார், ‘ஒரிஜினல் ஸ்கங்க் நம்பர் 1’ என்று பல விதை நிறுவனங்கள் விற்கின்றன. இதில் எது உண்மையான ஒரிஜினல்?

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1970-களில் கலிபோர்னியாவில் சேக்ரட் சீட்ஸ் என்ற குழுவினர் உருவாக்கிய ரகம் இது. ஆப்கானிஸ்தான் செடி, மெக்சிகோவின் அகாபுல்கோ கோல்ட், கொலம்பியன் கோல்ட் ஆகிய மூன்றும் அதன் மூதாதைகள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. ஆப்கான் செடி குட்டையானது, சீக்கிரம் பூப்பது, பிசின் அதிகம். மற்ற இரண்டும் உயரமாக வளர்ந்து தாமதமாகப் பூப்பவை. இவற்றைக் கலந்ததோடு நின்றிருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, விதை போட்டால் ஓரளவு ஒரே மாதிரி செடி வரும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய சாதனை. 1980-களில் ‘ஸ்கங்க்மேன் சாம்’ என்று அறியப்பட்டவர் அந்த விதைகளை நெதர்லாந்துக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு பல விதை வங்கிகளின், அதாவது விதை விற்கும் நிறுவனங்களின், பட்டியலில் அது இடம்பெற்றது.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடம் வந்த விதையிலிருந்து சில பெற்றோர்ச் செடிகளைத் தேர்ந்தெடுத்து அடுத்த தலைமுறையை எடுத்தது. ஒருவர் மணத்தைப் பார்த்தார், இன்னொருவர் மகசூலைப் பார்த்தார். முப்பது, நாற்பது வருடம் இப்படிப் போனால், ஒரே மூதாதையிலிருந்து வந்தவையே ஒன்றுக்கொன்று அந்நியமாகிவிடும். ஆகவே ‘எது ஒரிஜினல்’ என்று கேட்காதீர்கள். ‘உங்கள் விதை யாரிடமிருந்து, எந்த வருடம் வந்தது? ஒவ்வொரு தலைமுறையிலும் எத்தனை பெற்றோர்ச் செடிகளை வைத்தீர்கள்?’ என்று கேளுங்கள். இதற்கு நேராகப் பதில் சொல்பவரை நான் மதிக்கிறேன்.

பிரிட்டனில் ‘ஸ்கங்க்’ என்பது வீரியமான எந்தக் கஞ்சாவுக்கும் பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. அங்கிருந்து வரும் செய்திகளில் அந்தச் சொல்லைப் பார்த்து இந்த ரகம் என்று நினைத்துவிட வேண்டாம்.

கேள்வி: ஆரம்பகால வளர்ப்பாளர்கள் ஏன் ஒழுங்கான பதிவேடு வைக்கவில்லை? நெல்லுக்கும் கோதுமைக்கும் இருக்கிறதே?

பதிவேடே போலீஸுக்குச் சாட்சியமாகிவிடும் என்ற பயம்தான் காரணம். பெற்றோர் செடி எங்கிருந்து வந்தது என்று எழுதி வைத்தால் அதைக் கொடுத்தவரும் மாட்டுவார். அதனால் பட்டப்பெயர்கள், வாய்மொழிக் கதைகள், வேண்டுமென்றே மாற்றிச் சொன்ன ஊர்ப்பெயர்கள்.

விதை வியாபாரத்துக்கு மட்டும் ஒரு சின்ன இடைவெளி கிடைத்தது. 1961-ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தம் ‘கஞ்சா’ என்பதைப் பூக்கும், காய்க்கும் நுனிகள் என்று வரையறுத்து, அந்த நுனிகளோடு சேராத விதையையும் இலையையும் விலக்கி வைத்தது. நெதர்லாந்தில் விதை வங்கிகள் வெளிப்படையாக இயங்க அந்தச் சூழல் உதவியது. அங்கே 1980-களில் நெவில் ஷூன்மேக்கர்ஸ் நடத்திய விதை வங்கி தபால் மூலம் அமெரிக்காவுக்கு விதை அனுப்பியது. 1989-இல் அமெரிக்க அரசு ‘ஆபரேஷன் க்ரீன் மெர்ச்சன்ட்’ என்ற பெயரில் சோதனைகளை நடத்தியது. 1990-இல் நெவில் ஆஸ்திரேலியாவில் கைதானார். அவருடைய சேகரிப்பு சென்சி சீட்ஸ் என்ற விதை நிறுவனத்தின் கைக்குப் போனது. நார்தர்ன் லைட்ஸ், ஹேஸ் போன்ற ரகங்களின் முக்கியமான தாய்ச்செடிகள் இப்படித்தான் கைமாறின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் தகவல் தொலைந்தது.

கேள்வி: ஒயிட் விடோவில் கேரளச் செடியின் ரத்தம் இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா அண்ணா?

பரவலாகச் சொல்லப்படும் வம்சாவளி அதுதான்: பிரேசில் நாட்டு சாடிவா (உயரமான, மெல்லிலை வகை) தாய், தென்னிந்தியாவிலிருந்து, குறிப்பாகக் கேரள மலைப்பகுதியிலிருந்து வந்த கலப்பின ஆண். நம் பக்கத்து மலைச்செடி உலகப் புகழ் பெற்ற ரகத்தில் இருக்கிறது என்று கேட்க எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அது வளர்ப்பாளரின் வாக்குமூலம். அந்த ஆண் செடியின் மாதிரியை யாரும் பொதுவில் வைத்து ஒப்பிட்டுக் காட்டியதில்லை.

அது பிரபலமானது 1990-களில், ஆம்ஸ்டர்டாமில், கிரீன் ஹவுஸ் நிறுவனம் வழியாக. ‘சாந்திபாபா’ என்று அறியப்படும் வளர்ப்பாளர் அங்கிருந்து பிரிந்து மிஸ்டர் நைஸ் என்ற விதை நிறுவனத்தை மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கினார். பெற்றோர்ச் செடிகள் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி, அதே கலப்பை ‘பிளாக் விடோ’ என்ற பெயரில் வெளியிட்டார். ரகத்தை உருவாக்கியதே தாங்கள்தான் என்று வேறு உரிமைகோரல்களும் உண்டு. ஆக, பெயர் ஒரு இடத்தில், பெற்றோர்ச் செடிகள் இன்னொரு இடத்தில் என்ற நிலை. எனக்கு இதில் தயக்கமில்லை: பெற்றோர்ச் செடி யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் ரகம் இருக்கிறது, பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி.

கேள்வி: ஓஜி குஷ் ஒரு ‘குளோன் ஒன்லி’ என்கிறார்கள். அப்படியென்றால் ஓஜி குஷ் விதை என்று விற்பது எல்லாம் மோசடியா?

எல்லாமே மோசடி என்று சொல்லிவிட முடியாது, ஆனால் பெயர் தவறான நம்பிக்கையைக் கொடுக்கிறது.

ஓஜி குஷ் ஒரே ஒரு செடி. 1990-களில் புளோரிடாவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய், கிளையை வெட்டி வேர்விட வைத்து, அதையே மறுபடி மறுபடி பெருக்கியது. வெட்டிய துண்டு தாயின் நகல், அதைத்தான் குளோன் என்கிறார்கள். விதை அப்படியல்ல. கஞ்சாவில் ஆண் செடி தனி, பெண் செடி தனி, மகரந்தம் காற்றில் போகும். அதனால் ஒவ்வொரு செடியின் மரபணுவிலும் அப்பன் பக்கம் ஒன்று, அம்மா பக்கம் ஒன்று என்று வேறுபட்ட பிரதிகள் ஏராளம். பெண் செடியை ஆண் பூ விட வைத்து, தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கச் செய்தால் கிடைப்பதை ‘எஸ்1’ என்பார்கள். ஓஜி குஷ் விதை என்று நேர்மையாக விற்பவர்கள் பெரும்பாலும் தருவது இதைத்தான். அதில்கூட, இரு பிரதிகளும் வேறாக இருந்த இடங்களில் சராசரியாகப் பாதி இடங்கள் ஒரே மாதிரியாகிவிடும், எந்தப் பக்கம் என்பது விதைக்கு விதை மாறும். ஆகவே எஸ்1 என்பது ஓஜி குஷ்ஷின் பிள்ளை, ஓஜி குஷ் அல்ல. ‘எஸ்1’ என்று பெட்டியில் எழுதியிருந்தால் அது நேர்மை. வெறுமனே ‘ஓஜி குஷ்’ என்றிருந்தால் கேள்வி கேளுங்கள்.

அதன் பெற்றோர் பற்றி நிறையக் கதைகள் உண்டு. கெம்டாக் என்ற ரகத்தின் வழி என்பது அதிகம் சொல்லப்படுவது. அந்தக் கெம்டாக்கின் கதையும் சுவையானது. 1991-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் நிகழ்ச்சி ஒன்றில் அறிமுகமானவரிடம் வாங்கிய பூவில் இருந்த விதைகளிலிருந்து வந்ததாக வளர்ப்பாளரே சொல்லியிருக்கிறார். பையில் கிடைத்த விதை! அதற்கு முந்தைய தலைமுறை என்ன என்று எந்த ஏட்டிலும் இல்லை. ‘ஓஜி’ என்பது ‘ஓஷன் க்ரோன்’ என்பதன் சுருக்கம் என்று ஒரு பக்கமும் ‘ஒரிஜினல் கேங்ஸ்டர்’ என்று இன்னொரு பக்கமும் சொல்கிறார்கள். எழுத்தைப் பிடித்துக்கொண்டு பூர்வீகம் தேடினால் எங்கும் போய்ச் சேராது.

கேள்வி: சாடிவா 70, இண்டிகா 30 என்று சதவீதம் போடுகிறார்களே, அது எப்படிக் கணக்கிடப்படுகிறது?

பெற்றோருக்குச் சொல்லப்பட்ட சதவீதங்களின் சராசரி, அவ்வளவுதான். பெற்றோரின் எண் தவறென்றால் பிள்ளையின் எண்ணும் தவறு.

லின்னேயஸ் 1753-இல் சாடிவா என்று பெயர் வைத்தது ஐரோப்பிய நார்ச்சணலுக்கு, அதாவது நாருக்காக வளர்க்கும் கஞ்சாச் செடிக்கு. லாமார்க் 1785-இல் இண்டிகா என்றது இந்தியாவிலிருந்து போன செடியை. இன்று விதைப் பட்டியலில் இண்டிகா என்றால் ஆப்கான் பக்கத்து அகல இலைச் செடி என்று பொருள், இந்தியாவின் உயரமான மெல்லிலைச் செடியோ ‘சாடிவா’ ஆகிவிட்டது! 2015-இல் வெளியான கனடா ஆய்வு ஒன்று 81 கஞ்சா மாதிரிகளையும் 43 நார்ச்சணல் மாதிரிகளையும் ஒப்பிட்டது. நூறு சதவீத சாடிவா என்று சொல்லப்பட்ட ‘ஜமைக்கன் லாம்ப்ஸ் பிரெட்’ மாதிரி ஒன்று, நூறு சதவீத இண்டிகா என்று சொல்லப்பட்ட ஆப்கான் மாதிரியோடு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. அப்புறம் 2021-இல் வந்த இன்னொரு ஆய்வு, இந்த முத்திரைகள் முழு மரபணுவைவிட மணம் தரும் டெர்பீன்களோடுதான் அதிகம் பொருந்துகின்றன என்று காட்டியது. மைர்சீன் என்ற டெர்பீனின் மணம் தூக்கலாக இருந்தால் ‘இண்டிகா’ என்று எழுதிவிடுகிறார்கள் போலிருக்கிறது.

கேள்வி: அப்படியானால் டிஎன்ஏ சோதனை செய்தால் அசலா என்று தெரிந்துவிடாதா?

இரண்டு மாதிரிகள் ஒரே குளோனா, பெற்றோர் பிள்ளையா, சம்பந்தமே இல்லாதவையா என்பதை அது நன்றாகச் சொல்லும். பெயரைச் சொல்லாது. 1970-களின் அகாபுல்கோ கோல்ட் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட, பாதுகாக்கப்பட்ட மாதிரி இருந்தால்தானே ஒப்பிட முடியும்?

மேலே சொன்ன 2015 ஆய்விலேயே, ஒரே பெயர் கொண்ட மாதிரிகளை ஒப்பிட்டபோது 17-இல் 6 இடங்களில், தன் பெயருள்ள மாதிரியைவிட வேறு பெயருள்ள மாதிரியோடுதான் நெருக்கம் அதிகமாக இருந்தது. சோதனை எங்கே பயன்படும் என்றால், உங்களிடம் உள்ள கட்டிங்கும் நண்பரிடம் உள்ள கட்டிங்கும் ஒன்றுதானா என்று பார்க்க. பல வருடம் முன்பு ஒரு விற்பனையாளர் மூன்று பெயர்களில் கொடுத்த மூன்று மாதிரிகள் ஒரே குளோன் என்று முடிவு வந்தபோது நான் உடைந்துபோனேன். அந்த மூன்று பெயர்களுக்கும் தனித்தனியாக வம்சாவளி எழுதி வைத்திருந்தேன்.

கேள்வி: சிண்ட்ரெல்லா 99-இல் ‘பி75’, ‘பி88’ என்கிறார்களே, அது என்ன?

ஆம்ஸ்டர்டாமில் வாங்கிய ஜாக் ஹெரர் என்ற ரகத்தின் பூவில் கிடைத்த விதையிலிருந்து வந்த ‘பிரின்சஸ்’ என்ற பெண் செடியை விதை வழியாகவே மீட்டெடுக்க, அதன் பிள்ளைகளைத் திரும்பத் திரும்பத் தாயோடு கலந்தார்கள். பின்கலப்பு என்பது இதுதான். தாயின் பங்கு 50, 75, 87.5 சதவீதம் என்று ஏறும். ‘பி75’, ‘பி88’ என்பவை பிரின்சஸின் அந்தப் பங்கைக் குறிக்கும் பெயர்கள். ஆனால் அது சராசரி. ஒரு குறிப்பிட்ட ஆண் பிள்ளை அதைவிடக் கூடவோ குறையவோ தாயைக் கொண்டிருக்கலாம். ஒவ்வொரு சுற்றிலும் எந்த ஆணைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில்தான் வளர்ப்பாளரின் கண் தெரியும்.

கேள்வி: கொரில்லா க்ளூவும் ஜிஜி4-உம் வேறு வேறா?

ஒன்றுதான். கொரில்லா க்ளூ என்ற பெயரில் பசை தயாரிக்கும் நிறுவனம் 2017-இல் வழக்குப் போட்டது, சமரசத்தில் ரகத்தின் பெயரை ஜிஜி4 என்று மாற்றினார்கள்.

கேள்வி: நூறு சதவீத நாட்டு ரகம் என்று விற்கும் விதைகளை நம்பலாமா? நாட்டு ரகங்கள் இன்னும் இருக்கின்றனவா ஐயா?

இருக்கின்றன, ஆனால் வேகமாகக் கரைகின்றன. மொராக்கோவின் ரீஃப் மலையில் ‘பெல்டியா’ என்று உள்ளூரில் அழைக்கப்படும் பழைய செடி, கொஞ்சத் தண்ணீரில் பிழைத்துக்கொள்வது. கடந்த இருபது வருடங்களில் ‘கர்தாலா’ போன்ற கலப்பினங்கள் வந்து பல வயல்களில் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. மகசூல் கூடுதல், தண்ணீரும் கூடுதல். பக்கத்து வயலிலிருந்து மகரந்தம் காற்றில் வந்தால் பழைய செடியின் விதையும் கலந்துவிடும். விவசாயிக்குக் கண்ணால் தெரியாது.

ஆகவே நாட்டு ரகம் என்பவரிடம் கிராமம், பள்ளத்தாக்கு, சேகரித்த வருடம், எத்தனை செடியிலிருந்து என்று கேளுங்கள். நாட்டின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. நாலைந்து செடியிலிருந்து எடுத்த விதையில் அந்த வயலின் பன்முகம் வராது. அடுத்த தலைமுறைகளில் நெருங்கிய உறவுக் கலப்பால் வீரியமும் குறையும்.

பழைய விதையைக் கலக்காமல் காப்பதற்கு ஒரு நல்ல உதாரணம், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள வாவிலோவ் நிறுவனத்தின் நார்ச்சணல் விதைச் சேகரிப்பு. 1990-களில் அங்கே பணநெருக்கடி. விதைகள் முளைப்புத் திறனை இழப்பதற்குள் மறுபடி பயிரிட்டுப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு ரகத்தையும் மற்றதன் மகரந்தம் படாமல் தனித்தனியே வளர்த்து விதை எடுக்கச் சர்வதேச நார்ச்சணல் சங்கத்தினர் உதவினார்கள். அவர்களில் ஸ்கங்க்மேன் சாமும் ஒருவர்.