முதலில் ஒரே ஒரு வளைவு

கேள்வி: எனக்கு 23 வயது. சேலம் அம்மாபேட்டை. இன்ஜினியரிங் முடித்து ஒரு கம்பெனியில் பில்லிங் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். பெங்களூரு கேம் ஸ்டூடியோக்களுக்கு விண்ணப்பித்தால் 'அனுபவம் இல்லை' என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஓர் ஓப்பன் வேர்ல்ட் கேம் (ஆடுபவர் இஷ்டப்படி சுற்றித் திரியும் கேம்) செய்யப் போகிறேன். அடிவாரம் முதல் ஏற்காடு வரை முழு மலை, 20 கொண்டை ஊசி வளைவுகள், காபித் தோட்டங்கள், ஊர்கள் எல்லாம் வரும். அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறைக்காக அவர் சேர்த்த 4 லட்சத்தைக் கேட்கலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, கேட்காதீர்கள். வேலையையும் விடாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாகப் பேசலாம்.

சொந்தமாக கேம் செய்து உள்ளே நுழைவது என்ற யோசனை சரிதான். 'அனுபவம் இல்லை' என்பவர்களிடம் நீட்டுவதற்கு அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. தப்பு அளவில்தான் இருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பது பெரிய குழு ஒன்று வருஷக்கணக்கில் உட்கார்ந்து செய்கிற வேலை.

உடனே ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமைச் சொல்வீர்கள். எரிக் பரோன் தனி ஆளாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து அதை 2016-ல் வெளியிட்டார். கோடிங், படம், இசை எல்லாம் அவரே. ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பாதியை விழுங்கிவிடுகிறார்கள். படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல், கோடிங் கை பழகட்டும் என்றுதான் அவர் அதை ஆரம்பித்தார். நடுவில் ஒரு தியேட்டரில் இருக்கை காட்டும் பகுதிநேர வேலையும் பார்த்தார். வீட்டுச் செலவுக்குத் தோழியின் சம்பளமும் இருந்தது.

உங்கள் வீட்டுப் பட்டறையையே பாருங்கள். புதிதாக வரும் பையனிடம் முதல் நாளே முழு ஜோடியையும் கொடுத்து 'செய்டா' என்பாரா அப்பா? கம்பி இழுப்பவர் ஒருவர், பற்றவைப்பவர் ஒருவர், மெருகு போடுபவர் ஒருவர். ஸ்டூடியோவிலும் அப்படித்தான் ஆள் எடுக்கிறார்கள். 'இதில் உன் கை எது?' என்பதுதான் நேர்முகத்தில் வரும் முதல் கேள்வி. உங்கள் கை கோடிங் என்றால் படங்களை இரவல் வாங்குங்கள். கென்னி தளத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. காசும் வேண்டாம், வரைந்தவர் பெயர் போட வேண்டிய கட்டாயமும் இல்லை.

சரி, இருபது வளைவில் ஒன்றை மட்டும் எடுங்கள். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். சாலை விதியே ஆட்ட விதியாகிவிட்டது, பாருங்கள். ஆடுபவர் கையில் ஒரு பஸ். வளைவுக்கு முன் ஹாரன் அடிக்க வேண்டும், கியரைக் குறைக்க வேண்டும். எதிரே ஒரு சுற்றுலாக் கார் நடுரோட்டில் இறங்கி வருகிறது. கைப்பிடிச் சுவரில் குரங்கு. ஜன்னலோரம் ஒருவருக்கு வயிற்றைப் புரட்டுகிறது; வேகமாகத் திருப்பினால் பஸ் முழுக்க நாறிவிடும், மெதுவாகப் போனால் பின்னால் லாரிக்காரர் ஹாரனை விடமாட்டார். திரையில் பெட்ரோல் முள் மாதிரி ஒரு குமட்டல் முள். மூன்று நிமிட ஆட்டம். இதை எழுதும்போதே எனக்கு ஆட வேண்டும் போலிருக்கிறது.

சின்னது என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து 2023-ல் வந்த 'வெண்பா' என்ற கேம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருது அதற்குத்தான் போனது.

கேம் கட்டும் மென்பொருளை என்ஜின் என்பார்கள்; அதற்குக் கோடோ போதும். இலவசம், ராயல்டியும் கிடையாது, இப்படி ஒரு சின்ன ஆட்டத்துக்கு இருக்கிற லேப்டாப்பே போதும். இன்னொரு என்ஜினான யூனிட்டி 2023-ல் இன்ஸ்டால் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பி, அடுத்த ஆண்டே கைவிட்டது. அந்தக் கோபத்தில் பலர் கோடோ பக்கம் வந்தார்கள். ஆனாலும் வேலை விளம்பரங்களில் யூனிட்டியும் அன்ரியல் என்ஜினும்தான் அதிகம் கண்ணில் படும். அதனால் இரண்டாவது கேமை அவற்றில் ஒன்றில் செய்யுங்கள்.

முடித்ததும், கேம்களை வெளியிட உதவும் இட்ச் தளத்தில் பிரவுசரிலேயே ஆடும்படி போடுங்கள், செலவில்லை. கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்ட வேண்டும், அது 1,000 டாலர் சம்பாதித்த பிறகுதான் அந்தப் பணம் திரும்பும். முதல் கேமுக்கு அது தேவையில்லை.

அப்புறம், போடுவதற்கு முன் யார் கையிலாவது கொடுத்துப் பாருங்கள். நான் முதலில் செய்த மொபைல் கேமைப் பக்கத்து வீட்டுப் பாப்பாவிடம் கொடுத்தேன். எட்டு மாத உழைப்பு. அவள் திரையில் மின்னிக்கொண்டிருந்த தலைப்பை இருபது தடவை தட்டினாள், 'ஓடலை அங்கிள்' என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தொடங்கும் பொத்தான் கீழே மூலையில் இருந்தது. எனக்குத் தெரியும், அவளுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் கொடுக்கும்போது வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அது கோடிங்கை விடக் கஷ்டம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. 2023, 2024-ல் உலகம் முழுக்க பெரிய ஸ்டூடியோக்கள் ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பின. அனுபவசாலிகளும் இப்போது அதே வரிசையில் நிற்கிறார்கள். பில்லிங் சாஃப்ட்வேரை விடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம். தினம் இரவு ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை அரை நாள் என்று வைத்தால் மூன்று மாதத்தில் ஒரு வளைவு வந்துவிடும். வரவில்லை என்றால் குரங்கை எடுத்துவிடுங்கள்.

வழிவிடாத அந்த சுற்றுலாக் காரை என்ன செய்வதாக உத்தேசம்? அடுத்த கடிதத்தில் அதை மட்டும் எழுதுங்கள்.