அட்வான்ஸ் வாங்க கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணச் சொல்றாரா?

ஸ்கேன் பண்ணாதீங்க. உங்க தாம்பரம் வீட்டை வாடகைக்கு எடுக்கிறேன்னு, தன்னை "ராணுவ அதிகாரி"ன்னு சொல்லிக்கிற ஒருத்தர் கேட்கிறதா எழுதியிருந்தீங்க. அட்வான்ஸ்னு சொல்லி அவர் அனுப்பின கோடு, உங்க கணக்குல இருந்து பணம் எடுக்கத்தான். யுபிஐ-ல பணம் வாங்க ரகசிய பின் நம்பர் (PIN) தேவையே இல்ல. பின் போட்டா பணம் போகும்.

நீங்க 5 ரூபாய் அனுப்பினதும் 10 ரூபாயா திரும்பி வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அதுதான் தூண்டில். எனக்கு அதைவிட உறுத்தினது, வீட்டைப் பார்க்காம, வாடகையும் குறைச்சுக் கேட்காம மூணு மாச அட்வான்ஸ் தர்றேன்னது. நம்ம ஊர்ல ஐநூறு குறைக்கச் சொல்லாத குடித்தனக்காரரை நான் பார்த்ததில்ல! அவர் அனுப்பின அடையாள அட்டை, ராணுவ கேன்டீன் கார்டு படமெல்லாம் வேற யாரோடதாவது இருக்கும்.

ஒண்ணு செஞ்சு பாருங்க. "உங்க வீட்ல யாராவது நேர்ல வந்து பார்க்கட்டும், பணத்தை அக்கவுண்ட் நம்பருக்குப் போடுங்க"ன்னு சொல்லுங்க. "எங்க ராணுவக் கணக்கு முறை வேற"ன்னு இழுத்தா பிளாக் பண்ணிடுங்க.

நிஜ ராணுவக்காரங்களும் வாடகைக்கு வருவாங்க, அவங்களை விரட்டிடாதீங்க. ஏற்கெனவே பின் போட்டுட்டீங்கன்னா இதைப் படிக்கிறதை விட்டுட்டு சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் பண்ணுங்க, பேங்க்குக்கும் சொல்லுங்க. நேரம் போகப் போக பணத்தை முடக்குறது கஷ்டம்.